ஐந்து செடிகளும் ஒரு லயமும்

2010 அக்டோபரில் மலேசிய அரசு பொருளாதார உருமாற்றத் திட்டத்தை வெளியிட்டது. தடித்த அறிக்கை. அதில் விவசாயப் பகுதியைப் புரட்டினால், முதல் திட்டமாக இருப்பது நெல்லும் இல்லை, பழமும் இல்லை. மூலிகை. அதற்காக முதலில் ஐந்து செடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்: தொங்காட் அலி, காச்சிப் பாத்திமா, மிசாய் கூச்சிங், ஹெம்பெடு பூமி, டுக்கோங் அனாக். விதை முதல் மாத்திரை வரை இந்த ஐந்தையும் ஆராய வேண்டும். எப்படிப் பயிரிடுவது, சாற்றின் தரத்தை எப்படி நிர்ணயிப்பது, நச்சுத்தன்மை உண்டா, மனிதர்களிடம் வேலை செய்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். பல்கலைக்கழகங்களின் மூலிகை ஆய்வுப் பணத்தில் பெரும்பங்கு இந்தப் பட்டியலை ஒட்டித்தான் ஓடியது. பிறகு பட்டியல் நீண்டது. ஆனாலும் ‘தேசிய மூலிகை’ என்றால் இன்றும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த முதல் ஐந்துதான்.

மாற்று மருத்துவத்தில் எதை முதலில் ஆராய்வது என்று ஒரு நாடு முடிவெடுப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் பக்கத்தில் கிடையாது. ஐந்தில் இரண்டு எங்கள் வீட்டுச் செடிகள் என்பதால் எனக்கு இதில் கூடுதல் அக்கறை.

ஹெம்பெடு பூமி என்பது நிலவேம்பு. டுக்கோங் அனாக் என்பது கீழாநெல்லி. மலாய்ப் பெயர்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஹெம்பெடு என்றால் பித்தப்பை, பூமி நமக்குத் தெரிந்த பூமிதான். மண்ணில் முளைத்த பித்தக் கசப்பு. தமிழன் அதே கசப்பை வேம்பு என்றான், நிலத்தை முன்னால் வைத்தான். டுக்கோங் அனாக் என்றால் பிள்ளையைத் தூக்கிச் சுமப்பது. இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் காய்கள்தான் அந்தப் பிள்ளைகள். நாம் அதே காய்களைப் பார்த்துக் கீழே காய்க்கும் நெல்லி என்றோம். இரண்டு மொழிகள் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே இடத்தில் கண் வைத்திருக்கின்றன. இதைக் கவனித்த நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

பாலோ, ஜொகூரில் குளுவாங் மாவட்டத்தில், பெக்கோக்குக்கும் சாமேக்குக்கும் நடுவில் இரயில் பாதையை ஒட்டிய சிறு பட்டணம். 1909இல் ஜொகூர் இரயில் பாதை முடிந்ததும் இந்தப் பக்கத்துக் காடுகளைத் திறப்பது சுலபமாயிற்று. முதலில் கித்தா, பிறகு செம்பனை. என் பாட்டி கித்தா வெட்டியவர். அவருடைய லயத்துக்குப் பின்னால் கீழாநெல்லி தானாகவே முளைத்துக் கிடக்கும். மஞ்சக்காமாலை என்று யார் வந்தாலும் அரைத்து மோரில் கலந்து கொடுப்பார். நிலவேம்பைக் காய்ச்சலுக்கு வைத்திருந்தவர், இனிப்பு நீர் வந்த பிறகு அதற்கும் குடித்தார். ‘கசப்பு சீனியைக் கொல்லும்ல’ என்பதுதான் அவருடைய மருந்தியல். கிளினிக்கில் கொடுத்த மெட்போர்மினையும் விடவில்லை. டாக்டரிடம் இதைச் சொன்னீங்களா பாட்டி என்று கேட்டதற்கு, ‘அவங்க கேக்கல, நான் சொல்லல’ என்றார்.

எந்தச் செடியைப் பயிரிட்டால் ஏற்றுமதி ஆகும் என்பது ஓர் ஆய்வுக் கேள்வி. மெட்போர்மினோடு நிலவேம்புக் கஷாயம் குடிக்கும் எழுபது வயதுப் பெண்ணின் உடம்பில் என்ன நடக்கும் என்பது இன்னொன்று. நிலவேம்புச் சாறு எலிகளுக்கு இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன, ஆகவே இரண்டாவது கேள்வி வெறும் கற்பனை இல்லை. பட்டியல் முதல் கேள்வியிலிருந்து பிறந்தது. அதைத் தயாரித்த திட்டத்தின் பெயரிலேயே பொருளாதாரம்தான் இருந்தது, அதனால் இதில் சூழ்ச்சி எதையும் நான் தேடவில்லை. எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் மற்றக் கேள்விகள் எங்கே போயின என்பதுதான்.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னால், தமிழ்த் தொழிலாளியின் ஒரு பழக்கம் இந்த நாட்டின் தலையாய ஆய்வுக் கேள்விக்குத் துப்பாக இருந்திருக்கிறது. அன்றைக்கு மலாயாவை உலுக்கிய நோய் பெரிபெரி. கால் வீங்கும், நரம்பு செத்துப்போகும், இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு மட்டும் அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார். சீனர் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி, தமிழர் சாப்பிட்டது புழுங்கல். 1905 கடைசியில் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் பிளெட்சர் அதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து எண் சொல்ல வைத்தார்கள். ஒற்றைப்படை எண்ணுக்குத் தீட்டிய அரிசி, இரட்டைப்படை எண்ணுக்குப் புழுங்கல். நோய்க்கு இடம்தான் காரணமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, நடுவில் இரண்டு கூட்டத்தையும் விடுதிக்குள் இடம் மாற்றினார்கள். தீட்டிய அரிசிக் கூட்டத்தில் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். மற்றக் கூட்டத்தில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. 1907இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. அதே காலத்தில் பிரேசரும் ஸ்டான்டனும் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்திலிருந்து கிளம்பி, நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதை மறுபடி நிறுவினார்கள். வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலம் அது.

மனநல விடுதியில் இருந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது. அந்தக் கசப்போடுதான் இதை வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கேள்வி பிறந்த விதம் பாருங்கள். ஆட்கள் எதில் சாகிறார்கள் என்று முதலில் பார்த்தார்கள். யார் சாகவில்லை என்று அடுத்துப் பார்த்தார்கள். சாகாதவன் சோற்றில் என்ன இருக்கிறது என்று அதற்கப்புறம் கேட்டார்கள். காலனி அரசுக்குக் கூலி உயிரோடு வேண்டும், அதனால் கேட்டது, அவ்வளவுதான். ஆனாலும் நோயிலிருந்து தொடங்கிச் சமையலறையில் போய் முடிந்த கேள்வி அது. 2010 பட்டியல் செடியிலிருந்து தொடங்கிச் சந்தையில் முடிகிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில் இதே சண்டை வேறு உருவத்தில் நடந்தது. 1918இல் சென்னை மாகாண அரசு எம்.சி. கோமன் என்ற ஆங்கில மருத்துவரிடம் நாட்டு மருந்துகளை ஆராயும் வேலையைக் கொடுத்தது. அவர் மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிலவற்றை ஏற்றார், நாட்டு மருத்துவத்தின் கோட்பாடுகளைப் பற்றி மட்டமாக எழுதினார். வைத்தியர்கள் கொதித்துவிட்டார்கள். மருந்தை மட்டும் பிய்த்தெடுத்துப் பார்ப்பது ஆய்வா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. செயலாளர் ஜி. சீனிவாசமூர்த்தி, அவரும் ஆங்கில மருத்துவம் படித்தவர்தான். இந்தக் குழு வைத்தியர்களுக்கே கேள்விகளை அனுப்பியது. பதில்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்து, 1923 அறிக்கையோடு அச்சேறின. 1925இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது அந்த அறிக்கையின் விளைவு.

நான் கோமனை வில்லனாக்க விரும்பவில்லை. செடியைத் தனியாக எடுத்துச் சோதிப்பதில் பெரிய வெற்றிகள் இருக்கின்றன. சர்ப்பகந்தி வேரை மும்பையின் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் இரத்த அழுத்தத்துக்கு நிறுவிக் காட்டினார். சீனாவில் 1967இல் போர்க்கால ரகசியத் திட்டமாகத் தொடங்கிய மலேரியா ஆய்வுதான் து யூயூவை ஆர்ட்டெமிசினினுக்குக் கொண்டு சேர்த்தது, 2015இல் நோபல் கிடைத்தது. அங்கும் வரிசையைக் கவனியுங்கள். மலேரியா என்ற நோய் முதலில், பழைய ஏட்டைப் புரட்டியது அப்புறம், செடி அதற்கும் அப்புறம்.

உஸ்மான் குழு கேட்ட கேள்வி இன்றும் தீரவில்லை. 2012இலும் 2017இலும் டெங்கி பரவியபோது தமிழ்நாடு அரசு நிலவேம்புக் குடிநீரைக் கொடுத்தது. நிரூபிக்காமல் கொடுக்கலாமா என்று ஒரு பக்கம், நம்ம மருந்தை அவமதிக்காதே என்று இன்னொரு பக்கம். 2017இல் ஆய்வு வரும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று தன் ரசிகர்களிடம் சொன்னதற்காகக் கமல்ஹாசன் வாங்கிக் கட்டிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சத்தத்தில் ஒரு விவரம் அமுங்கிப்போனது. அந்தக் குடிநீரில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று மொத்தம் ஒன்பது சரக்கு. நம்முடைய ஐந்து மூலிகைத் திட்டம் ஹெம்பெடு பூமியை என்னதான் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தாலும், இந்த ஒன்பது சரக்குக் கஷாயத்தைப் பற்றி அது நேரடியாக எதையும் சொல்லப்போவதில்லை. சித்த வைத்தியர் கொடுப்பது கஷாயத்தை. ஆய்வகம் ஆராய்வது ஆண்ட்ரோகிராபோலைடு என்ற ஒரு மூலக்கூறை.

இனி கீழாநெல்லி. இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது, சோகமானதும்கூட.

1988 அக்டோபரில் லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் முதல் ஆசிரியர். உடன் எழுதியவர்களில் ஒருவர் பாரூக் பிளம்பர்க், கல்லீரல் அழற்சி பி கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பெற்றவர். கிருமியைச் சுமந்துகொண்டிருந்த சென்னை நோயாளிகளுக்குக் கீழாநெல்லிப் பொடி, 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒரே ஒருவருக்கு. கிராமத்துக் காமாலை மருந்து, உலகத்தின் முதல் வரிசை இதழில்! யாருக்குத்தான் மயிர் கூச்செறியாது?

தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், அந்த முடிவு வரவில்லை. நியூசிலாந்தில் செய்தார்கள், வரவில்லை. 2011இல் காக்ரேன் அமைப்பு எல்லாச் சோதனைகளையும் கூட்டிப் பார்த்து, நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது. காரணம் தேடியவர்கள் செடியிலேயே கை வைத்தார்கள். நாம் நிரூரி என்று சொல்லிக்கொண்டிருந்த பில்லாந்தஸ் நிரூரி உண்மையில் அமெரிக்கப் பக்கத்துச் செடி, இந்தியாவில் பெரும்பாலும் வளர்வது பில்லாந்தஸ் அமாரஸ் என்று தாவரவியலாளர்கள் 1950களிலேயே பிரித்துவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மலேசியாவின் டுக்கோங் அனாக் இன்றும் பல காகிதங்களில் நிரூரிதான். தண்டு சிவந்த உரினாரியா என்ற தங்கச்சி வேறு நம் வேலியோரம் தாராளமாக வளர்கிறது. பாட்டி இரண்டையும் பிடுங்குவார். பச்சையை மருந்துக்கு வைத்துக்கொண்டு, சிவப்பை வேண்டாம் என்று எறிவார்.

நான் பொறியியல் படித்தவன். தொழிற்சாலையில் கச்சாப்பொருள் வந்தால் ஸ்பெசிபிகேஷன் இல்லாமல் உள்ளே விடமாட்டோம். எந்த இனம், எந்த மண், எந்த மாதம் பறித்தது, எப்படிக் காய வைத்தது என்பதெல்லாம் மாறும்போது முடிவு மாறுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் செடி மாறிப்போச்சு என்பதையே ஒவ்வொரு தோல்விக்கும் சாக்காகச் சொல்வதும் நாணயமில்லை. கல்லீரல் அழற்சி ஏ-யால் வரும் காமாலை பெரும்பாலோருக்குத் தானாகவே சில வாரங்களில் இறங்கிவிடும். மோரில் கீழாநெல்லி குடித்தவருக்கும் இறங்கும், வெறும் மோர் குடித்தவருக்கும் இறங்கும். பாட்டியிடம் வந்தவர்கள் எல்லாரும் ஏன் குணமானார்கள் என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம். பி வகைக்கு மலேசியா 1989இல் பச்சிளங்குழந்தைகளுக்குத் தடுப்பூசியைக் கொண்டுவந்தது. லயத்துப் பிள்ளைகளை அந்தக் கிருமியிடமிருந்து காத்தது அந்த ஊசி. இதைச் சொன்னால் சில நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். மரபை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அடுத்த முறை நாம் கேட்கும் ஆய்வுப் பணத்துக்கு மரியாதை இருக்காது.

அமெரிக்காவில் இந்த மரியாதைச் சிக்கல் அப்பட்டமாகத் தெரிந்தது. தேனீ மகரந்தம் தன் ஒவ்வாமையைக் குணமாக்கியது என்று நம்பிய செனட்டர் டாம் ஹார்கின் முயற்சியால் 1991இல் 20 லட்சம் டாலரோடு மாற்று மருத்துவ அலுவலகத்துக்கு வழி பிறந்தது. பிற்காலத்தில் அது தேசிய ஆய்வு மையமாக வளர்ந்து, ஒவ்வொரு மருந்தாகச் சோதித்து, பலவற்றை ‘வேலை செய்யவில்லை’ என்று அறிவித்தது. 2009இல் அதே ஹார்கின், நிரூபிக்கத்தான் இதைத் தொடங்கினோம், நீங்கள் மறுத்துக்கொண்டே இருக்கிறீர்களே என்று வருத்தப்பட்டார். பதிலை முன்பே முடிவு செய்துவிட்டு ஆய்வகத்தைக் கட்டினால் கடைசியில் இப்படித்தான் வருத்தப்பட வேண்டியிருக்கும்.

மலேசியாவில் காகித வேலைகள் ஒழுங்காகவே நடந்திருக்கின்றன. 1992 முதல் மரபு மருந்துகளைப் பதிவு செய்ய வேண்டும். டப்பாவில் ‘மால்’ எண்ணும் கடைசியில் ‘டி’ எழுத்தும் இருப்பது அதனால்தான். அந்தப் பதிவு பார்ப்பது பாதுகாப்பையும் தரத்தையும். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அது சான்று இல்லை. பாதரசம் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, ஆகவே ரசம் சேர்த்த செந்தூரங்கள் இங்கே சட்டப்படி உள்ளே வர வழியில்லை. 2001இல் தேசியக் கொள்கை, 2004இல் சுகாதார அமைச்சில் தனிப் பிரிவு, 2007 முதல் சில அரசு மருத்துவமனைகளில் மரபுச் சிகிச்சைப் பகுதி. முதல் மூன்றில் ஒன்று ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை. 2010இல் இந்தியாவோடு ஒப்பந்தம். 2016இல் சட்டம் 775. அதில் ஏழு மருத்துவத் துறைகள், ஒன்று ‘இந்திய மரபு மருத்துவம்’. சித்தம், ஆயுர்வேதம், யுனானி, யோகா எல்லாம் அந்த ஒரே குடைக்குள். இந்தியாவிலேயே சித்தத்துக்குத் தனி ஆய்வு மன்றம் 2010இல்தான் பிரிந்தது. அதுவரை 1978 முதல் ஆயுர்வேதத்தோடு ஒரே வீட்டில், சின்ன அறையில். ஆகவே மலேசியாவை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2015ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, பத்தில் மூன்று மலேசியர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது மரபு மருத்துவரிடம் போயிருப்பதாகச் சொன்னது. 2019இன் அதே ஆய்வில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே 31.4. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு தேசிய ஆய்வுக் கேள்வி எழுந்து நிற்கிறது. இனிப்பு நீர் மருந்தோடு வீட்டில் இன்னும் என்ன குடிக்கிறார்கள்? பசார் மாலாமில் வாங்கும் ‘சீனி மருந்து’ப் பொடியில் யாராவது கள்ளத்தனமாக ஆங்கில மருந்தைக் கலந்திருக்கிறார்களா? பாகற்காய்ச் சாறு, வெந்தயம், நிலவேம்பு, இவற்றில் எது சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது? இவற்றுக்குக் காப்புரிமை கிடைக்காது. ஏற்றுமதி வருமானமும் கிடையாது. தொங்காட் அலிக்குக் கிடைக்கிற விளம்பரப் பலகை இவற்றுக்குக் கிடைக்கப்போவதில்லை. அதனால்தான் இவற்றுக்கு அரசுப் பணம் வேண்டும் என்கிறேன். விற்கக்கூடியதைக் கம்பெனிக்காரன் எப்படியும் ஆராய்ந்துகொள்வான்.

பட்டியல் போடும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். தாவர வேதியியலாளர், விவசாய அதிகாரி, ஏற்றுமதியாளர், மருத்துவர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். உஸ்மான் குழு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, அஞ்சலில், தமிழில் வைத்தியர்களிடம் கருத்து கேட்டுவிட்டது. கைத்தொலைபேசிக் காலத்தில் அது முடியாத காரியமில்லை. வைத்தியர்களோடு நோயாளிகளிடமும் கேட்க வேண்டும், அதை உஸ்மான் குழுவும் யோசிக்கவில்லை.

இன்னொரு பழைய புத்தகம் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. 1930இல் பர்கிலும் முகமது ஹனிப்பும் சேர்ந்து மலாய்க் கிராம மருத்துவக் குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஊர் ஊராக யார் எந்த இலையை எதற்கு அரைக்கிறார்கள் என்ற விவரம். 1935இல் பர்கில் வெளியிட்ட மலாயாப் பொருளாதாரத் தாவர அகராதிக்கும் அது கைகொடுத்தது. இன்றைய மூலிகை ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் முதல் மேற்கோள் பர்கில்தான். எழுதி வைத்தது பட்டியலுக்குப் போகிறது. தலைப்பிலேயே மலாய்க் கிராமம் என்று இருக்கும் அந்தத் தொகுப்புக்குத் தோட்டத்து லயம் வெளியே நின்றது. அந்தக் காலத்தில் லயத்துக்கு மருத்துவம் என்றால் டிரஸ்ஸர், கொய்னா, தோட்ட ஆஸ்பத்திரி. லயத்துப் பெண்கள் அரைத்ததைக் கேட்டு எழுத நோட்டுப் புத்தகத்தோடு ஒருவரும் வரவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த அறிவு, இங்கே கிடைக்காத செடிக்குப் பதிலாக மலாய்ப் பக்கத்து வீட்டில் கேட்டுச் சேர்த்துக்கொண்ட செடி, சின்சே கடையில் வாங்கிய வேர் எல்லாம் கலந்து உருவான ஒரு மருத்துவம் அது. அதைச் சித்த மருத்துவம் என்று சொல்லவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பேரில்லாத மருந்து.

பாலோவைச் சுற்றி லயங்கள் காலியாகிவிட்டன. செம்பனையில் வேலை செய்வோரில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள், அவர்களும் எதையோ அரைத்துக் குடிக்கத்தான் செய்வார்கள். நான் கடந்த ஆண்டிலிருந்து வார இறுதிகளில் எழுபது தாண்டிய பெண்களிடம் செடிகளின் பெயரைக் கேட்டு எழுதிவருகிறேன். படம் எடுத்து, தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், எதற்கு, எவ்வளவு, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று ஐந்து கட்டம். இதுவரை 23 செடிகள். கடைசிக் கட்டம் நான் நினைத்ததைவிட நிறைந்திருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருந்தால் நிலவேம்பு கூடாது என்று ஆறு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். ஆறில் நான்கு பேர் அதை ஹெம்பெடு பூமி என்றுதான் சொன்னார்கள்.